இருபத்தெட்டுக் கோழிகள்

நான் டாக்டர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் மோகனூர் சாலைப் பக்கம் கோழி மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. படித்தது பி.காம். ஆனால் சுற்றுவட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். "டாக்டருங்க, நாலு நாளா முட்டையெல்லாம் தோலாட்டம் உளுகுதுங்க, வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்று காலையிலேயே போன் வரும். ஆரம்பத்தில், "நான் டாக்டர் இல்லீங்க, கடைக்காரன்" என்று மறுத்துக்கொண்டிருந்தேன். பிறகு பழகிவிட்டது. அதற்குப் பிறகு பிடித்தும்விட்டது.

இந்தத் தொழிலில் முக்கியமான படிப்பு எச்சத்தைப் படிப்பதுதான். கூண்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிடும். பச்சையாக இருந்தால் ஒன்று, சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தால் ஒன்று, தண்ணீராகப் போனால் ஒன்று, சிவப்பாக இருந்தால் ரத்தக் கழிச்சல். ஐயாயிரம் கோழி உள்ள கொட்டகையில் நடந்துகொண்டே, எந்த வரிசையில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். பண்ணைக்காரர்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள். எனக்கும் அது ரொம்பப் பெருமை.

அப்படிப்பட்டவன் வீட்டில்தான், என் மனைவிக்கு ஆறு மாதமாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மாடித் தொட்டித் தண்ணீர் சீக்கிரம் காலியாகிறது என்பதுதான். தண்ணீர்க் கணக்கில் நான் கெட்டிக்காரன். கோழி ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறது என்பதை வைத்தே அதன் உடம்பைச் சொல்கிறவன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு பேருக்கு இவ்வளவு தண்ணீர் ஆகாது, எங்கேயோ கசிகிறது என்று முடிவு கட்டி பிளம்பரை வரவழைத்தேன். அவர் குழாய் குழாயாகத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த வாரமும் வரவழைத்து, கழிப்பறைத் தொட்டியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி, "அவர அனுப்பிருங்க. கசிவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நாந்தான்" என்றாள்.

பிளம்பர் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. ரத்தமும் சளியுமாக. அடக்க முடிவதில்லை. கல்யாணம் காட்சி என்று எதற்கும் போகாமல் முட்டி வலி என்று பொய் சொல்லிக்கொண்டிருந்ததும் அதனால்தான். "எங்கிட்ட ஏம்புள்ள சொல்லல?" என்று கேட்டேன். "உங்ககிட்டயா? நீங்க ஊரெல்லாம் சொல்லுவீங்களே, எச்சத்தப் பாத்தாத் தெரியும்னு. எனக்கு வெக்கமாப் போச்சுங்க" என்றாள்.

சேலத்தில் குடல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள். பெருங்குடல் முழுக்கப் புண். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் குடலைத் தாக்குகிற நோய், வரும், அடங்கும், மறுபடியும் வரும், வாழ்நாள் முழுக்க மருந்தோடு இருக்க வேண்டும் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். இளைஞர்தான், ஆனால் அவசரப்படாதவர். மாத்திரைகளை எழுதிவிட்டு, ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு வரியைப் பேனாவால் சுழித்துக் காட்டினார். வைட்டமின் டி, அடிமட்டத்தில் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாமக்கல் வெயிலில் கல்லே வெடிக்கும், அங்கே இருப்பவளுக்கு வெயில் சத்து இல்லையா? "வெயிலு ஊர்ல இருந்தா பத்தாதுங்க, மேல படணும்" என்றார் மருத்துவர். இந்த நோய் உள்ளவர்களுக்கு அது குறைவாக இருப்பது சாதாரணம், குறைவாக இருப்பவர்களுக்கு நோய் கிளம்புவதும் அதிகமாக இருப்பதைப் பார்க்கிறோம், நிரப்பிவிட்டால் எலும்புக்கும் நல்லது, குடலுக்கும் நல்லதாக இருக்கலாம், ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்றார். "ஆனா இதுவே மருந்து இல்ல. மாத்திரைதான் மருந்து. இந்த வைட்டமின் பொடி வாரம் ஒரு பாக்கெட், எட்டு வாரம். அதுக்கு மேல வேண்டாம்."

இதில் நான் காதில் வாங்கியது, குடலுக்கும் நல்லது என்பதை மட்டும்.

ஏனென்றால் வைட்டமின் டி என்பது எனக்கு யாரோ சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. என் கடையில் ஒரு தட்டு நிறைய அதுதான். முட்டை ஓடு மெலிந்து, கையில் எடுத்தாலே நொறுங்குகிறது என்று பண்ணைக்காரர் வந்தால், நான் கொடுப்பது டி3 திரவ மருந்து. குடிக்கிற தண்ணீரில் கலந்து ஐந்து நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். இதைத்தான் எங்கள் தொழிலில் கோர்ஸ் என்போம். எந்த மருந்தானாலும் தினமும்தான். காலையில் முதல் தண்ணீரில், தாகத்தோடு இருக்கும்போது. கோர்ஸ் முடிவதற்குள் ஓடு கெட்டிப்படும். அதைக் கண்ணால் பார்த்தவன் நான். வாரத்துக்கு ஒரு தடவை மருந்து என்று யாராவது சொன்னால் எந்தப் பண்ணைக்காரரும் சிரிப்பார். அடுத்த வாரம் வருவதற்குள் பாதிக் கோழி போய்விடும்.

பேருந்தில் திரும்பி வரும்போதே எனக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அன்று மருத்துவமனையில் அவளை எடை பார்த்தார்கள். நாற்பத்திரண்டு கிலோ. ஒரு முட்டைக் கோழி ஒன்றரைக் கிலோ. கடைக்கு வந்து மருந்து அட்டைப்பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டு எழுதினேன். நாற்பத்திரண்டை ஒன்றரையால் வகுத்தால் இருபத்தெட்டு. நூறு கோழிக்கு இவ்வளவு என்று பாட்டிலில் போட்டிருக்கிறது. அப்படியானால் இருபத்தெட்டுக் கோழிக்கு இவ்வளவு. அந்த அளவுக்கு ஊசிக் குழாயில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

இந்த வரியை எழுதும்போது கை கூசுகிறது. இருபத்திரண்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவளை நான் இருபத்தெட்டுக் கோழி என்று எண்ணினேன். அதைவிட மோசம், அன்று அது எனக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "கோழி மருந்த நா எதுக்குங்க குடிக்கோணும்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். மறுநாளிலிருந்து காலையில் மோர் கலக்கித் தருவது என் வேலை என்று ஏற்றுக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டு கொடுக்காத மனுஷன் திடீரென்று மோர் கலக்கித் தந்தால் எந்தப் பெண்ணும் சந்தேகப்பட வேண்டும். அவள் சந்தேகப்படவில்லை. சந்தோஷப்பட்டாள். பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாகப் போடுவேன், மருந்து வாடை தெரியாமல் இருக்க.

ஐந்து நாள் கோர்ஸ் முடிந்தது. பத்துத் தடவை போனது ஆறு ஆனது. மருத்துவர் எழுதிய மாத்திரைகளையும் வாராந்தரப் பாக்கெட்டையும் அவள் ஒன்று விடாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் என் மண்டைக்குள் அந்த மாத்திரைகளுக்கு இடமே இல்லை. கோழிக்கு ஐந்து நாளில் ஓடு சரியாகும், மனுஷக் குடல் பெரிசு, இன்னொரு ஐந்து நாள் கொடுத்துப் பார்ப்போம் என்று தொடர்ந்தேன். ஆறு, மூன்று ஆனது. மூன்று, ஒன்றானது. ரத்தம் நின்றது. அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை என்றானது. அதற்கப்புறம் மூன்று நாளைக்கு ஒரு தடவை.

நாங்கள் கொண்டாடினோம். இதை எப்படிச் சொல்வது? வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது என்பதை ஒரு வீடு எவ்வளவு கொண்டாட முடியுமோ அவ்வளவு கொண்டாடினோம். தம்மம்பட்டியில் அவள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். ராசிபுரத்தில் வண்டி மாறி, மலையடிவாரம் வரைக்கும் நெடுந்தூரம். அதுவரைக்கும் பேருந்தில் ஏறினால் அவள் கண் ஊரைப் பார்க்காது, எங்கே கழிப்பறை இருக்கிறது என்றுதான் தேடும். அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து கொல்லிமலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள். நோய் வந்ததிலிருந்து கறைக்குப் பயந்து வெளிர் நிறத்தில் எதையும் அவள் கட்டியதில்லை. அன்று கட்டியிருந்தது சந்தன நிறம். பந்தியில் உட்கார்ந்து ரசம் வரைக்கும் சாப்பிட்டாள். திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அந்த நாட்களில் தினமும் காலையில் நான் அவளுக்கு விஷம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சேலம் மருத்துவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. என்ன பேச வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "சார், உங்க பாக்கெட்டுல ஆவல, எங்க மருந்துலதான் ஆச்சு" என்பேன், அவர் ஆச்சரியப்பட்டு விவரம் கேட்பார், நான் கோர்ஸ் என்றால் என்னவென்று விளக்குவேன். ஊரில் பத்துப் பேர் டாக்டர் என்று கூப்பிட்டால் மனுஷன் எவ்வளவு தூரம் போவான் பாருங்கள்.

பிறகு அவளுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது.

முதலில் வெயில் என்று நினைத்தேன். சொம்பு சொம்பாகக் குடித்தாள். குடித்த வேகத்தில் சிறுநீர் போனது. மாடித் தொட்டி மறுபடியும் சீக்கிரம் காலியானது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது என்றாள். பட்டப்பகலில் சுவரோரம் சுருண்டு தூங்கினாள். ஒரு நாள் மத்தியானம் என்னைப் பார்த்து, "பிளம்பரு போயிட்டாருங்களா?" என்று கேட்டாள். பிளம்பர் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு சிமெண்டு மேடை உண்டு. செத்த கோழியைப் பண்ணைக்காரர்கள் கொண்டுவருவார்கள், கால்நடை மருத்துவர் வாரம் இரண்டு நாள் வந்து அறுத்துப் பார்த்துச் சொல்வார். அவள் அப்படிக் கேட்ட அன்று சாயங்காலம் அந்த மேடைப் பக்கம் கை கழுவப் போனேன். சில வருஷத்துக்கு முன்னால் பார்த்தது நினைவுக்கு வந்தது. தீவனத்தில் டி3 தப்பான அளவில் கலந்துவிட்ட ஒரு பண்ணைக் கோழி. அறுத்ததும் கிட்னி சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது. மருத்துவர் கத்தி முனையால் அதைத் தட்டிக் காட்டினார், மணல் போல் நறநறவென்றது. "சத்துதானேன்னு அள்ளிக் கொட்டிட்டாங்க" என்றார். நான்கூட அந்தப் பண்ணைக்காரரைத் திட்டினேன்.

குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோழியில் பார்த்த எல்லாம் என் வீட்டில் மாடியில் படுத்திருந்தது. தாகம், தீனி எடுக்காதது, மந்தமாக ஓரம் போய் நிற்பது. இதே கோலத்தில் ஒரு கோழி இருந்திருந்தால் பார்த்த நிமிஷமே சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில் சேலத்தில் சேர்த்தோம். அவளுடைய அண்ணன் கார் கொண்டுவந்தார். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, சிறுநீரகம் திணறுகிறது என்றார்கள். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். குடல் மருத்துவர் வந்து என்னிடம் நேராகவே கேட்டார். "நான் எழுதுனது தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, சத்துப் பொடி, ஊசி, எதுவா இருந்தாலும்?"

மச்சான் பக்கத்தில் நின்றிருந்தார். தங்கை என்றால் உயிர் அவருக்கு. "எங்க மாப்பளயே பாதி டாக்டருங்க, கண்டதெல்லாம் குடுக்க மாட்டாருங்க" என்று சிரித்தார்.

"இல்லீங்க" என்றேன்.

அந்த ஒரு சொல். மருந்து கொடுத்தது அறியாமை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். இது அப்படியில்லை. இதை நான் தெரிந்தே சொன்னேன். பத்துப் பேர் முன்னால் மானம் போய்விடுமே என்று சொன்னேன். பெயர் தெரியாத பயமெல்லாம் இல்லை, வெறும் மானம்.

மருத்துவர்கள் வேறு காரணம் தேடத் தொடங்கினார்கள். சுண்ணாம்பு இப்படி ஏறுவதற்கு உள்ளே எங்காவது புற்று இருக்கலாம், பார்த்துவிட வேண்டும் என்று ஸ்கேனுக்கு எழுதினார்கள். இது யார் வழியாகவோ அவள் காதுக்குப் போய்விட்டது. குளுக்கோஸ் ஏறியதில் தெளிவு வந்திருந்தது அவளுக்கு, அதுதான் கொடுமை. நான் உள்ளே போனபோது அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா படிப்ப நிறுத்திறாதீங்கண்ணா. இவருக்குக் கோவம் வந்தாச் சாப்பிட மாட்டாரு, நீங்கதான் பாத்துக்கோணும். அந்தச் சந்தனச் சேலையப் பாப்பாவுக்குக் குடுத்துருங்க. அது நா நல்லாருக்கறப்பக் கட்டுனது."

அண்ணன் அழுதார். நான் கட்டில் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் போதும், "புற்றெல்லாம் இல்ல புள்ள, நாந்தான்" என்றால் போதும், அந்தப் பயம் அந்த நிமிஷமே தீரும். நான் திறக்கவில்லை. அன்று முழுக்கத் திறக்கவில்லை. ஒரு நாள் முழுக்க அவள் சாகப்போகிறோம் என்று நம்பிப் படுத்திருந்தாள், நான் இட்லி வாங்கிவருகிறேன், வெந்நீர் வாங்கிவருகிறேன் என்று வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் ஸ்கேனுக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள், எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி. அதைத் தாங்க முடியவில்லை. நேராகப் பேருந்து நிலையம் போய், நாமக்கல் வந்து, கடையைத் திறந்து அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் சேலம் திரும்பினேன். அங்கேயே வாயால் சொல்லியிருக்கலாம். மூன்று மணி நேரம் மிச்சமாகியிருக்கும். எனக்கு அப்போது தோன்றவில்லை, அல்லது பேருந்தில் போய்வருகிற நேரமாவது சொல்லாமல் இருக்கலாமே என்று தோன்றியதோ என்னவோ.

மருத்துவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே சேவல் படம் போட்டிருந்தது.

"எத்தன நாளா?"

"ஆறு வாரமுங்க."

"தினமுமா?"

"தினமுந்தானுங்க."

"அளவு எப்படிப் போட்டீங்க?"

சொன்னேன். இருபத்தெட்டுக் கோழி என்று சொன்னபோது அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடனே போனை எடுத்து, ஸ்கேனுக்குப் பிறகு எழுதியிருந்த சோதனைகளை நிறுத்தச் சொன்னார், வேறு மருந்துகளைத் தொடங்கச் சொன்னார். பிறகு, "வயிறு நின்னது முதல்ல நம்ம மாத்திரையால இருக்கலாம். அப்புறம் வந்த மலச்சிக்கல் இந்தச் சுண்ணாம்பு ஏறினதால. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி, "அவங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

சொன்னேன். அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். புற்று இல்லை என்பதை முதலில் சொன்னேன், அதில்கூட ஒரு தந்திரம். அவள் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுலீங்க கலந்தீங்க?"

"மோருல."

"அதுக்குத்தான் மோரா?"

நான் தலையாட்டினேன். அவள் கேட்டாள். "அப்ப வயிறு நின்னுச்சே, அது நல்லானது இல்லீங்களா?"

"கொஞ்சம் மாத்திரையாலயும் இருக்கலாமாம்."

"தம்மம்பட்டிக்குப் போனமே. அன்னிக்கு?"

"தெரியலைன்னு சொல்றாரு."

அப்போதுதான் அழுதாள். நேற்றுச் சாகப்போகிறோம் என்று இருந்தபோது அழாதவள், இதற்கு அழுதாள். நான் விஷம் கொடுத்ததற்காக இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. நல்லாகிவிட்டோம் என்று நம்பிய அந்த நாட்களையும் நான் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். எனக்கு அவள் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, பிடித்துக்கொண்டேன். அவள் விலக்கிக்கொள்ளவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பிழைத்துக்கொண்டாள். சிறுநீரகத்தில் கொஞ்சம் பழுது தங்கிவிட்டது, வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மச்சான் இன்றுவரை என்னை மாப்பள என்று கூப்பிடுவதில்லை, எது சொல்ல வேண்டுமானாலும் தங்கைக்குப் போன் செய்கிறார். பண்ணைக்காரர்களுக்கு விஷயம் தெரியாது. டாக்டருங்க என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அந்தச் சொல்லுக்கு உடம்பு ஒரு முறை தூக்கிப்போடுகிறது.

வீட்டில் நான் கொடுக்கிற எதையும் அவள் வாங்கிக் குடிப்பதில்லை. சண்டை கிடையாது. "வெச்சுட்டுப் போங்க" என்பாள். நான் போன பிறகு அதைக் கொட்டிவிட்டு, தானே வேறு மொண்டுகொள்வாள். குழாயில் டம்ளரை அலசுகிற சத்தம் கீழே கடை வரைக்கும் கேட்கும். முதல் மாதங்களில் அந்தச் சத்தம் கேட்டால் வியாபாரம் ஓடாது எனக்கு. இப்போதும் ஓடுவதில்லை, ஆனால் ஓடுகிற மாதிரி நடிக்கக் கற்றுக்கொண்டேன்.

வைட்டமின் டி மறுபடியும் குறைந்துவிட்டது என்று மருத்துவர் போன வருஷம் மிகக் கவனமாக மீண்டும் ஆரம்பித்தார். மாதத்துக்கு ஒன்று, ரத்தம் பார்த்துப் பார்த்து. அந்தப் பாக்கெட்டை அவள் தன் கைப்பையில் வைத்திருக்கிறாள். குடித்துவிட்டுக் காலி உறையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறாள், மருத்துவரிடம் காட்டுவதற்காக.

இந்தப் பங்குனியில் நோய் திரும்ப வந்துவிட்டது. பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. ரத்தம். மாத்திரை போதவில்லை, ஊசி மருந்துக்கு மாற்றப் போகிறார்கள், அதற்கு முன் சில சோதனைகள் என்று நாள் தள்ளிக்கொண்டிருக்கிறது. இளைத்துக் கறுத்துப் போனாள். தொட்டி சீக்கிரம் காலியாகிறது, நான் ஒன்றும் கேட்பதில்லை, மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறேன்.

ஒரு நாள் சாப்பாடு போடும்போது, குனிந்தபடியே கேட்டாள். "அந்த மருந்து இன்னும் கடையில இருக்குதுங்களா?"

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவளிடம் இன்னொரு இல்லை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. "இருக்குது. பண்ணைக்காரங்க கேக்கறாங்க, வெக்காம முடியாது" என்றேன். "ம்" என்றாள். "சும்மாதானுங்க கேட்டேன்."

அதிலிருந்து சாயங்காலம் ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் அந்தத் தட்டில் இருக்கிற பாட்டில்களை எண்ணுகிறேன். மத்தியானம் நான் பண்ணைக்குப் போகிற நேரத்தில் கடைக்கு அவள்தான் காவல். பூட்டு போட நினைத்தேன். பூட்டைப் பார்த்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று போடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினேன். ஒன்று குறைவுதான். ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். அவளிடம் ஒன்றும் கேட்காமல் சமையலறை அலமாரியைத் திறந்து டப்பா டப்பாவாக நகர்த்தினேன். அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினேன். அவள் துணி அலமாரியைத் திறந்து சேலைகளை வெளியே இழுத்துப் போட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காத்தால சேந்தமங்கலத்துக்காரரு வந்தாரில்லீங்க," என்றாள். "நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. மறந்துட்டீங்களா?"

ஞாபகம் வந்தது. ஆமாம், நானேதான் கொடுத்தேன். சேலைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மெல்ல இறங்கி வந்து, எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு சேலையாக எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"நா எடுக்கலீங்க," என்றாள்.

இரண்டு சேலை மடித்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஆனா நீங்க பண்ணைக்குப் போனதும், தெனமும் அந்தத் தட்டு வரைக்கும் போயிட்டு வாரேனுங்க."